கைநாட்டின் கதை

சென்ற குளிர்காலத்தில் ஒரு மாலை, தில்லியில் நான் குடியிருக்கும் பகுதியின் சந்தை முனையில் நின்று வறுத்த வேர்க்கடலை வாங்கினேன். கடலை தீர்ந்ததும் பொட்டலத்தாளைப் பிரித்துப் பார்த்தேன். எழுத்துள்ள தாள் எதுவாயினும் படித்துவிடுவது மொழிபெயர்ப்பாளருக்குத் தொழிலோடு ஒட்டிய நோய். அது யாரோ ஒருவருடைய ஆதார் அட்டையின் நகல். முகம் இருந்தது, பிறந்த தேதி இருந்தது, தகப்பனார் பெயரும் வீட்டு விலாசமும் இருந்தன, பன்னிரண்டு இலக்கங்களும் ஒன்று குறையாமல் இருந்தன. அடியில் அம்மனிதர் ஒப்பமும் இட்டிருந்தார். தாம் இன்னார் என்று உலகுக்கு மெய்ப்பிக்க ஒருவருக்கு வேண்டிய யாவும், உப்புக் கறையோடு, முன்பின் அறியாத என் உள்ளங்கையில் கிடந்தன.

சொந்த ஊரில் நம்மை யாரென்று கேட்பாரில்லை. இன்னார் மகன், இன்ன தெரு என்றால் தீர்ந்தது. அயல் மாநிலத்துக்குப் பிழைக்க வந்தோருக்கோ எந்த வாயிலிலும் அதுவே முதல் கேள்வி. வீட்டுக்காரர் கேட்கிறார், அவர் கொடுக்கும் குடியிருப்போர் படிவத்தில் காவல் நிலையம் கேட்கிறது, எரிவாயு இணைப்பும் கைபேசி இணைப்பும் பிள்ளையின் பள்ளிக்கூடமும் கேட்கின்றன. ஒவ்வோரிடத்திலும் ஒரு நகலை விட்டுவிட்டு வருகிறோம். "நான் நானே" என்று நிறுவும் கலையின் வரலாறு பிறரைக் காட்டிலும் நமக்கு அதிகம் உரியது. அவ்வரலாற்றின் தலையாய அத்தியாயம் நிகழ்ந்தது நம் நாட்டிலேதான், வங்காளத்திலே.

விரல் ரேகைக்கு முற்பட்ட காலத்தில் கையெழுத்தே சாட்சி. திருவெண்ணெய்நல்லூரில் முதியவர் ஒருவர் ஓலையொன்றைக் காட்டிச் சுந்தரரைத் தமக்கு ஆள் என்று வழக்காடியதையும், அவையோர் அவ்வோலையைச் சுந்தரருடைய பாட்டனாரின் வேறொரு கையெழுத்தோடு ஒப்புநோக்கித் தீர்ப்புச் சொன்னதையும் பெரியபுராணத்தில் படித்திருக்கிறோம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இதனை விளக்கமின்றிச் சொல்லிச் செல்வதை நோக்கினால், ஓலையை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை அவர் காலத்து மக்களுக்கு நன்கு பழகியது என்றே கொள்ளலாம். ஆனால் எழுதத் தெரியாதவனுக்கு என்ன சாட்சி? அவன் ஒரு கீறல் போட்டான். கீறல் யாருடையது என்று பிறகு எவரால் சொல்ல முடியும்?

1858-ஆம் ஆண்டில் முர்ஷிதாபாத் ஜில்லாவைச் சேர்ந்த ஜங்கிப்பூரில் இக்கேள்வி ஓர் இளம் அதிகாரியை அலைக்கழித்தது. வில்லியம் ஹெர்ஷல் என்பது அவர் பெயர்; யுரேனஸ் என்னும் கோளைக் கண்டறிந்த வானியலாரின் பேரர். பெருங்கலகத்தின் சூடு தணியாத காலம். ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவர்களே "இது என் ஒப்பமன்று" என்று மறுப்பது அன்றாடக் காட்சியாயிருந்தது. சாலை போடும் பொருள் தருவதாக ராஜ்யதர் கொனாய் என்பவர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு வந்தபோது, ஹெர்ஷல் அவருடைய உள்ளங்கையில் மையைத் தடவி, தாளின் பின்புறத்தில் கை முழுவதையும் பதியச் செய்தார். ஆராய்ச்சி நோக்கம் ஒன்றும் அப்போது இல்லை. இவ்வளவு செய்தபின் பேச்சு மாற மாட்டார் என்ற எண்ணமே. அச்சுறுத்தலாகத் தொடங்கியது பிறகு ஆர்வமாயிற்று. நண்பர், உறவினர், ஏவலர் எல்லாருடைய விரல்களையும் ஆண்டுக்கணக்காகப் பதிந்து சேர்த்தார். தம் விரலையே அரை நூற்றாண்டுக்கு மேல் மீண்டும் மீண்டும் பதிந்து, மனிதன் மூப்படைந்தாலும் ரேகை மூப்படைவதில்லை என்று கண்டார்.

1877-இல் அவர் ஹூக்ளியில் மாஜிஸ்திரேட்டாக இருந்தார். அங்கே அவர் எதிர்ப்பட்ட மோசடிகளை இன்று படிக்கும்போது, உடை மட்டும் மாறியிருப்பதாகத் தோன்றுகிறது. ஓய்வூதியம் பெற்றவர் இறந்துபோவார், ஓய்வூதியம் இறவாது. அவர் பெயரைச் சொல்லி வேறொருவர் மாதந்தோறும் வந்து வாங்கிச் செல்வார். தண்டனை பெற்றவனுக்குப் பதிலாகக் கூலிக்கு ஓர் ஆள் சிறை செல்வதும் உண்டு. நிலப் பத்திரத்தை எழுதிப் பதிந்தவரோ, பின்னர் வழக்கு மன்றத்தில் "நான் அன்று பதிவுக் கச்சேரிக்கே வரவில்லை" என்பார். ஹெர்ஷல் மூன்றிடத்திலும், அதாவது ஓய்வூதியத்திலும் சிறையிலும் பத்திரப் பதிவிலும், விரல் பதியும் முறையைக் கொண்டுவந்தார். இதனை விரிவாக்க வேண்டுமென்று சிறைத்துறைத் தலைவருக்குக் கடிதமும் எழுதினார். பயன் விளையவில்லை. மறு ஆண்டே உடல்நலம் கெட்டு அவர் தாயகம் திரும்பினார். கோப்பில் உறங்கிய நல்ல யோசனைகளின் வரிசையில் இதுவும் ஒன்று. மத்திய அரசாங்கத்தில் இருபதாண்டு பணியாற்றிய எனக்கு அதில் வியப்பு ஏதும் இல்லை.

பத்திரப் பதிவு என்ற இடத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதை அங்கேயே திரும்பி வரப்போகிறது.

ரேகைகளைச் சேர்ப்பது எளிது. ஆயிரக்கணக்கான தாள்களுள் வேண்டிய ஒன்றைத் தேடி எடுப்பதுதான் கடினம். வங்காளக் காவல் துறைத் தலைவராயிருந்த எட்வர்ட் ஹென்றியின் கீழ்ப் பணிபுரிந்த அஸீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இருவர் இச்சிக்கலை அவிழ்த்தனர். ஹக் கணிதம் கற்றவர். பத்து விரல்களிலும் சுழி எங்கே உள்ளது, எங்கே இல்லை என்பதைக் கொண்டு எண் வகுத்து, முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டாக 1024 அறைகளில் தாள்களைப் பிரித்து வைக்கும் முறையை அமைத்தனர். 1897-இல் கல்கத்தாவில் விரல் ரேகை நிலையம் ஏற்பட்டது. உலகில் இவ்வகையில் அதுவே முதலாவது என்பர். 1901-இல் ஸ்காட்லாந்து யார்டும் இம்முறையை ஏற்றது. முறைக்கு நிலைத்த பெயர் மட்டும் "ஹென்றி முறை". உழைத்த இந்தியர் இருவருக்கும் பட்டங்களும் சன்மானமும் மிகப் பிந்தியே வந்து சேர்ந்தன.

அந்நிலையத்தின் புகழை நாட்டிவிட்டது ஜல்பாய்குரி தேயிலைத் தோட்டக் கொலை வழக்கு. தோட்ட மேலாளர் கொலையுண்டு கிடந்தார். பணம் களவு போயிருந்தது. அங்கிருந்த வங்காளிப் பஞ்சாங்கம் ஒன்றில் பெருவிரல் கறை காணப்பட்டது. முன்னர்த் தண்டனை அடைந்திருந்த பழைய வேலைக்காரன் ஒருவனுடைய ரேகையோடு அது பொருந்திற்று. 1898-இல் நீதிமன்றம் அவனைக் களவுக்காகத் தண்டித்தது, கொலைக்காகத் தண்டிக்கவில்லை. இத்தீர்ப்பின் நிதானம் எனக்கு மிகவும் பிடிக்கும். ரேகை, ஆள் வந்தான் என்று சொல்லும். வந்தவன் என்ன செய்தான் என்று சொல்லாது. அடையாளம் எவ்வளவு சொல்லும், எங்கே நிறுத்திக்கொள்ளும் என்பதை அன்றே உணர்ந்த நீதிபதிகள் இருந்தனர்.

இனிக் கடல் கடந்து செல்ல வேண்டும். ஏனெனில் இக்கதையில் நம்மவர் நுழையும் இடம் அதுவே. 1906-இல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் அரசு, ஆசியர் அனைவரும் பத்து விரல்களையும் பதிந்து சான்றிதழ் பெற்று, கேட்ட இடத்தில் காட்டவேண்டும் என்று சட்டமியற்ற முனைந்தது. ஜோகன்னஸ்பர்க்கின் எம்பயர் நாடக அரங்கில் செப்டம்பர் 11 அன்று கூடிய இந்தியர்கள் அதற்கு அடிபணிய மாட்டோம் என்று உறுதி பூண்டனர். காந்தியடிகள் ஹென்றியின் நூலை வாங்கிப் படித்தார். குற்றவாளிகளிடம் மட்டுமே பத்து விரலும் சட்டப்படி பெறப்படும் என்பதை அதில் கண்டதாகப் பின்னாளில் எழுதியிருக்கிறார். கல்கத்தாவில் பிறந்த கருவி, பிழைக்கச் சென்ற இந்தியனைக் கள்வனோடு ஒரே வரிசையில் நிறுத்த அங்கே பயன்பட்டது.

ஆனால் காந்தியடிகள் ரேகையையே வெறுத்தார் என்று கொள்வது பிழை. 1908 ஜனவரியில் உடன்பாடு ஏற்பட்டதும், கட்டாயத்தால் அன்றி விருப்பத்தால் பதிந்துகொள்ளலாம் என்றார். பிப்ரவரி 10 அன்று பதிவு அலுவலகத்துக்குச் செல்லும் வழியில், இதனைத் துரோகமாகக் கருதிய மீர் ஆலம் என்பவரும் கூட்டாளிகளும் அவரைத் தாக்கி வீழ்த்தினர். உடன் சென்ற தம்பி நாயுடு, டிரான்ஸ்வால் தமிழரின் தலைவர்களுள் ஒருவர், அடிகளைத் தாமும் ஏற்றார். காயங்களோடு படுத்திருந்த நிலையிலேயே காந்தியடிகள் தாள்களை வரவழைத்து ரேகை பதிந்தார். சட்டம் நீக்கப்படவில்லை என்று தெரிந்ததும், ஆகஸ்டு 16 அன்று ஈராயிரத்துக்கு மேற்பட்ட சான்றிதழ்கள் ஜோகன்னஸ்பர்க் பள்ளிவாசல் வெளியில் எரிக்கப்பட்டன. பிறகு சிறை சென்றவர்களுள் தமிழர் தொகை மிகுதி. பிப்ரவரியில் கொடுத்த கையும் ஆகஸ்டில் எரித்த கையும் ஒன்றே. கேட்பவன் யார், எந்த உரிமையால் கேட்கிறான், வாங்கியதை எதற்குப் பயன்படுத்துவான் என்பன அவர்களுடைய கேள்விகள். தன் விவரம் என்பது தன் உடைமை என்ற எண்ணத்தை அந்தக் கூலித் தொழிலாளரும் சிறு வியாபாரிகளும், அதற்கு ஒரு பெயர் பிறக்கும் முன்பே, அறிந்திருந்தனர். அதனை அடிப்படை உரிமை என்று நம் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது 2017 ஆகஸ்டு 24 அன்று.

தமிழில் "கைநாட்டு" என்பது வசைச் சொல்லாகிவிட்டது. எழுத்தறியாதவனைக் குறிக்க அதனை ஏளனமாகச் சொல்லிப் பழகிவிட்டோம். இன்று பட்டதாரியும் பேராசிரியரும் அரசுச் செயலாளரும் கண்ணாடித் தட்டில் விரலை வைத்துக் காத்திருக்கிறார்கள். 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்தைச் சேர்ந்த தெம்ப்லி என்ற பழங்குடிச் சிற்றூரில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது முதல், நாடு முழுதும் கைநாட்டுக்காரர் ஆனோம். இதனால் ஏழைக்கு விளைந்த நன்மையைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. ஊர்விட்டு ஊர் வந்த கூலித் தொழிலாளிக்கு, தன்னை யாரென்று சொல்ல ஒரு தாளும் இல்லாதிருந்த நிலை அத்துடன் மாறிற்று.

எனினும் ஹூக்ளிக் கதை திரும்பியது. 2018-இல் தெலுங்கானாவில் கைபேசி இணைப்பு விற்கும் ஒருவர், நிலப் பத்திரங்களில் பதிந்திருந்த விரல் ரேகைகளைப் பதிவுத்துறையின் இணையதளத்திலிருந்து எடுத்து, ரப்பர் முத்திரை செய்வதுபோலப் போலி விரல்கள் செய்து, பிறர் பெயரில் இணைப்புகளை இயக்கினார் என்று காவல்துறை வழக்குப் பதிந்தது. ஆள்மாறாட்டத்தைத் தடுக்க 1877-இல் பத்திரத்தில் ஏறிய ரேகை, ஆள்மாறாட்டத்துக்கே அச்சாயிற்று. அதன்பின் பல மாநிலங்களில், ஆதாரும் விரலும் கொண்டு பணம் எடுக்கும் ஏற்பாட்டிலும் இவ்வகைப் போலி விரல்கள் புகுந்தன. வைக்கப்பட்ட விரல் உயிருள்ளதா என்பதையும் சோதிக்கும் புதிய முறையை 2023 பிப்ரவரியில் ஆதார் ஆணையம் அறிவித்தது. பூட்டு மாற்றினால் சாவியும் மாறும். விரலை மாற்ற யாராலும் ஆகாது. ஆகவே விரல் ரேகையைப் பூட்டி வைக்கும் வசதியை ஆணையம் தன் இணையதளத்திலேயே தந்திருக்கிறது. வேண்டும்போது திறந்துகொள்ளலாம். பன்னிரண்டு இலக்கங்களில் கடைசி நான்கு மட்டும் தெரியும் மறைப்பு அட்டையும் அங்கேயே கிடைக்கும். 2022 மே மாதத்தில், நகல்களைக் கண்டவரிடம் கொடுக்க வேண்டாம் என்று ஓர் எச்சரிக்கை ஆணையத்தின் ஒரு பிரிவிலிருந்து வெளிவந்து, தவறாகப் பொருள் கொள்ளப்படக்கூடும் என்று இரண்டே நாளில் திரும்பப் பெறப்பட்டது. என்னைக் கேட்டால், அறிவுரை நல்லதுதான். வந்த விதந்தான் பிழை.

போலி விரல் செய்வதும் தொல்லை என்று கண்ட மோசக்காரன், இப்போது நம்மையே கொடுக்கச் சொல்கிறான். எங்கள் குடியிருப்பில், கணவரை இழந்து தனியே வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார், திருநெல்வேலிப் பக்கத்தவர், முப்பதாண்டாகத் தில்லியில். ஒரு நாள் காலை அவருக்கு அழைப்பு வந்தது. மறுமுனையில் தெளிந்த தமிழ். "அம்மா, நானும் உங்கள் பக்கத்து ஊர்தான். பம்பாய் சுங்கத்தில் வேலை. உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது. நம்மவராயிற்றே என்று முன்கூட்டிச் சொல்கிறேன்" என்றான். ஐயுற்றவரிடம் அவருடைய பன்னிரண்டு இலக்கங்களையும் படித்துக் காட்டினான். அத்துடன் அவர் ஐயம் ஓய்ந்தது. அடுத்துக் காவல் சீருடையில் ஒருவன் கைபேசித் திரையில் தோன்றி, அவர் "டிஜிட்டல் கைது" செய்யப்பட்டிருப்பதாகவும், திரையை விட்டு அகலவோ எவரிடமும் பேசவோ கூடாதென்றும் ஆணையிட்டான். ஒன்றரை நாள் அவ்வம்மையார் அவ்வண்ணமே அமர்ந்திருந்தார். சரிபார்த்துத் திருப்பித் தருவதாகச் சொல்லி, வைப்புத் தொகையை உடைத்து அனுப்பச் செய்தார்கள். வங்கிக்குச் சென்ற வழியில் என் வீட்டைக் கடந்துதான் சென்றிருக்கிறார்.

நம் நாட்டுச் சட்டத்தில் "டிஜிட்டல் கைது" என்று ஒன்றில்லை. எந்தக் காவல் அதிகாரியும் திரையில் தோன்றிக் கைது செய்வதில்லை. பணத்தைச் சரிபார்க்கக் கேட்பதுமில்லை. படித்த அவருக்கு இது தெரியாததன்று. "அவன் இந்தியில் பேசியிருந்தால் வைத்துவிட்டிருப்பேன் தம்பி. காலையில் யாரும் தமிழில் கூப்பிட்டுப் பல மாதம் ஆகியிருந்தது" என்றார். அயலூர் வாழ்வில் தமிழ் ஒலிக்கு நம் காது எவ்வளவு ஏங்கிக் கிடக்கிறது என்பதை மோசக்காரன் நம்மைவிட நன்றாக அறிந்திருக்கிறான். ஜல்பாய்குரித் தீர்ப்பை நான் அப்போது நினைத்துக்கொண்டேன். எண்ணைச் சொல்பவனுக்கு எண் தெரியும் என்பது மட்டுமே மெய். அவன் அதிகாரி என்பது அதனால் ஆகிவிடாது.

வெட்கத்தால் அவர் நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. இழந்த பணத்தைக் காட்டிலும் அந்த நான்கு நாளே பெரிய இழப்பு. 1930 என்ற எண்ணுக்கு உடனே சொன்னால், பணம் கணக்கு விட்டுக் கணக்குத் தாவும் முன் வங்கிகள் வழியே அதனை நிறுத்திவைக்க 2021 முதல் ஏற்பாடு உண்டு. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை வேறொன்றும் கூறிற்று: வாடிக்கையாளர் பிழையோ வங்கியின் பிழையோ இன்றி வெளியார் செய்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை. ஆனால் கடவுச்சொல்லையோ ஒருமுறைக் குறியெண்ணையோ தாமே சொல்லிவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையதே.

சட்டங்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். 1860-இன் தண்டனைச் சட்டத்திலேயே ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுவது குற்றம்; 2024 ஜூலை முதல் அது பாரதீய நியாய சன்ஹிதையின் 319-ஆம் பிரிவு. பிறருடைய கடவுச்சொல்லையோ தனி அடையாளத்தையோ களவாகப் பயன்படுத்துவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. 2023-இன் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என் தொழிலைத் தொடுவதால் சற்று நிற்கிறேன். நம் விவரத்தைக் கேட்கும் நிறுவனம் அதனை எதற்காகக் கேட்கிறது என்று அறிவிப்புத் தந்து சம்மதம் பெறவேண்டும். அவ்வறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணை மொழி எதிலுமோ படிக்கும் உரிமை நமக்கு உண்டு. சண்டிகரில் இருந்தாலும் கௌஹாத்தியில் இருந்தாலும் தமிழிலே தருக என்று கேட்கலாம். இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் கடமைகளில் பெரும்பாலானவை பதினெட்டு மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வருமாறு அவற்றில் அமைத்திருக்கிறார்கள். இச்சட்டம் தனிமனிதரை யாவரையும் ஆங்கிலத்தில் பெண்பாலால் குறிக்கிறது. தமிழில் "அவர்" என்று எழுதினால் அப்புதுமை மறைந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பாளனுக்கு இது ஒரு சிறு வருத்தம்.

ஆசிரியையின் பணத்தில் ஒரு பகுதி நிறுத்திவைக்கப்பட்டது, மீதி போயிற்று. எவ்வளவு என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை. "என் எண் அவனுக்கு எப்படித் தம்பி தெரிந்தது?" என்று மட்டும் பலமுறை கேட்டார். எனக்கு விடை தெரியாது. அந்தக் கடலைப் பொட்டலத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன்.

சென்ற மாதம் அவருடைய வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியிருந்தது, துணைக்குச் சென்றேன். மறைப்பு அட்டையின் நகலை எடுத்து, அதன் குறுக்கே "இவ்வீட்டு ஒப்பந்தத்துக்கு மட்டும்" என்று தேதியிட்டுத் தமிழில் எழுதி, கீழே இந்தியிலும் எழுதினார். தரகர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மேலே எழுதியிருப்பது என்ன மொழி என்று கேட்டார். ஆசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றாமலே, வகுப்பில் சொல்வதுபோல், அதன் பொருளைச் சொல் சொல்லாகச் சொன்னார். பிறகு, இந்த நகல் எந்தப் பெட்டியில் இருக்கும், ஒப்பந்தம் முடிந்தபின் அதை என்ன செய்வீர்கள் என்று விசாரிக்கத் தொடங்கினார்.